சாவியை ஒளியில் அனுப்புவது: டர்பனிலிருந்து ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மரண சகாய சங்கத்தின் பொருளாளராக இருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார்: "தம்பி, எங்கள் சங்கத்தில் எண்ணூறு குடும்பம். அடையாள எண், வங்கிக் கணக்கு, வாரிசு விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. போன வாரம் ஒருவர் வந்து 'குவாண்டம் சாவி' வைத்த பெட்டி என்று ஒன்றைக் காட்டினார். உலகத்தில் யாராலும் உடைக்க முடியாதாம், மாத வாடகையாம். கமிட்டியில் பாதிப் பேர் வாங்கலாம் என்கிறார்கள். ஒளியில் சாவி அனுப்புவது என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? 2010 உலகக் கோப்பையின்போதே டர்பனில் செய்தார்கள் என்றாரே, அது நிஜமா? நமக்கு வேண்டுமா?"

அக்கா, உண்டு. நிஜம். வேண்டாம். மூன்று கேள்விக்கும் பதில் இவ்வளவுதான். ஆனால் "வேண்டாம்" என்று நான் சொன்னதை மட்டும் கமிட்டியில் போய்ச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஏன் என்று சொல்லத் தெரியவேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து பதினெட்டு வருடமாக ஃபைபர் வேலைதான் பார்க்கிறேன். பைன்டவுன், வெஸ்ட்வில், குவீன்ஸ்பர்க் என்று சாலையோரக் குழிகளில் குந்தி உட்கார்ந்து கண்ணாடி இழையை ஒட்டவைக்கிற வேலை. இழை தலைமுடி அளவுதான், 125 மைக்ரான். அதற்குள்ளும் ஒளி ஓடுகிற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். மேல் பூச்சை உரித்து, ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே இழுப்பில் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனையையும் மெஷினில் வைத்தால் ஒரு மின்பொறி வந்து உருக்கி ஒன்றாக்கும். திரையில் 0.02 என்று இழப்பு வந்தால் நல்ல ஒட்டு. 0.3 வந்தால் வெட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

எங்கள் பையில் இன்னொரு கருவியும் இருக்கும். கிளிப் மாதிரி ஒன்று. ஓடுகிற இழையை அதற்குள் வைத்து அழுத்தினால் இழை லேசாக வளையும். வளைந்த இடத்தில் துளி வெளிச்சம் கசியும். இந்த இழையில் ஒளி ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கருவி அதை வைத்துச் சொல்லிவிடும். தவறான இழையை வெட்டி ஒரு தெருவையே இருட்டாக்கிவிடாமல் இருக்க எங்களுக்கு அது வேண்டும். இழையை வெட்டவேண்டாம், இணைப்பு அறுபடாது, இரண்டு முனையில் இருப்பவர்களுக்கும் தெரியாது. முதல்முறை அதைக் கையில் பிடித்தபோது, இது கெட்டவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மில்லிவாட் லேசர் நொடிக்கு 1000 கோடி பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது ஒரு 1) அனுப்பினால், ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் ஒளித்துகள் கிளம்புகிறது. அதில் ஆயிரம் இரண்டாயிரத்தை வழியில் ஒருவன் உருவிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே வழியில் எவனோ கேட்கிறான் என்று வைத்துக்கொண்டுதான் இன்று எல்லாமே அமைத்திருக்கிறார்கள். கேட்டாலும் புரியாதபடி செய்தியைக் குழப்பி அனுப்புகிறார்கள். குழப்பவும் பிரிக்கவும் இரண்டு பக்கமும் ஒரே சாவி இருக்கவேண்டும். அந்தச் சாவியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? இப்போது அது கடினமான கணக்கு ஒன்றின் பலத்தில் நடக்கிறது. பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கச் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு யுகம் ஆகும், அந்த மாதிரிக் கணக்கு. 1994-ல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் ஒன்று வந்தால் அந்தக் கணக்கை லேசாகப் போட்டுவிடும் என்று காட்டினார். அப்படிப்பட்ட மெஷின் இன்னும் வரவில்லை. ஆனால் இன்றைக்குக் குழப்பி அனுப்பியதை இன்றே அள்ளி எடுத்து வைத்துக்கொண்டு, மெஷின் வந்ததும் திறந்து படிக்கலாம் அல்லவா? அரசாங்கங்களுக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான்.

சரி, ஒரு பிட்டுக்கு 8 லட்சம் துகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்றை அனுப்பினால்? என் கிளிப்பைப் போட்டால் ஒன்றில் பாதியை உருவ முடியாது. உருவினால் முழுதாக உருவவேண்டும். அப்போது அது அந்தப் பக்கம் போய்ச் சேராது. பார்த்துவிட்டு அதேபோல் இன்னொன்றைச் செய்து அனுப்பலாமே என்பீர்கள். அதைத்தான் இயற்கை அனுமதிப்பதில்லை. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு.

கடற்கரையில் ஷாட் மீன் பிடிப்பவர்கள் போலராய்டு கறுப்புக் கண்ணாடி போடுவார்கள், தண்ணீர் மேல் பளபளப்பு அடங்கி உள்ளே மீன் தெரிவதற்காக. அந்தக் கண்ணாடி ஒரு திசையில் ஆடுகிற ஒளியை மட்டும் விடும். இரண்டு கண்ணாடியை ஒன்றன் முன் ஒன்றாக வைத்து, ஒன்றைக் குறுக்கே திருப்புங்கள். முழு இருட்டு. இப்போது மூன்றாவது கண்ணாடி ஒன்றைச் சாய்வாகப் பிடித்து, அந்த இரண்டுக்கும் நடுவில் நுழையுங்கள். வெளிச்சம் திரும்ப வந்துவிடும்! தடுப்பு கூடியிருக்கிறது, வெளிச்சமும் கூடுகிறது. ஏனென்றால் நடுக்கண்ணாடி சும்மா வடிகட்டவில்லை. தன் வழியே போன ஒவ்வொரு துகளின் ஆட்டத்தையும் தன் சாய்வுக்குத் திருப்பிவிட்டது. குவாண்டம் உலகத்தில் பார்ப்பது என்பதே தொடுவதுதான். தெரியாத ஒரு துகளின் நிலையை அப்படியே நகல் எடுக்க முடியாது என்று 1982-ல் வூட்டர்ஸ், சூரெக் இருவரும், அதே வருடம் தனியாக டீக்ஸ் என்பவரும் கணக்குப் போட்டு நிறுவினார்கள்.

இதைக் காவலுக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அதைவிடப் பழையது. ஸ்டீஃபன் வைஸ்னர் என்ற இளைஞர் 1970 வாக்கில், கள்ளநோட்டு அடிக்கவே முடியாத பணம் ஒன்றை ஒளித்துகளை வைத்துக் கற்பனை செய்து எழுதினார். கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1983-ல்தான் அச்சில் வந்தது. பின்னாளில் அவர் ஜெருசலேமில் கட்டடத் தொழிலாளியாக வேலை செய்து வாழ்ந்தார். கையால் உழைத்த அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. அவருடைய யோசனையை அவர் நண்பர் சார்லஸ் பென்னட் மறக்கவில்லை. 1979-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மாநாடு. கடலில் நீந்திக்கொண்டிருந்த ஷில் பிராஸார்ட் என்ற கனடாக்காரரிடம் பென்னட் நீந்தியே போய், முன்பின் அறிமுகம் இல்லாமல், இந்தக் குவாண்டம் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் சாவி அனுப்பும் முறை. இருவரும் அதை முதலில் விரிவாக முன்வைத்தது எங்கே தெரியுமா? 1984 டிசம்பரில், பெங்களூரில் நடந்த மாநாட்டில். இருவர் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் சேர்த்து அதை 'பிபி84' என்கிறார்கள்.

முறை எளிது. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்வில்லில் அலமேலு, டவுனில் பாஸ்கர் என்று வைப்போம். அலமேலு ஒவ்வொரு துகளையும் இரண்டு முறையில் ஒன்றில் அனுப்பலாம். நேர் முறையில் நெட்டுக்குத்தாக ஆடினால் 1, படுக்கையாக ஆடினால் 0. சாய்வு முறையில் வலப்பக்கச் சாய்வு 1, இடப்பக்கச் சாய்வு 0. எந்த பிட், எந்த முறை இரண்டையும் காசு சுண்டுவதுபோல் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறாள். பாஸ்கருக்கும் அவள் முறை தெரியாது. அவனும் தன் பங்குக்குக் காசு சுண்டி, நேராகவோ சாய்வாகவோ அளக்கிறான்.

எட்டுத் துகள் போகட்டும். அலமேலுவின் பிட்கள் 1, 0, 1, 1, 0, 0, 1, 0. அவள் முறை நேர், சாய்வு, சாய்வு, நேர், நேர், சாய்வு, நேர், சாய்வு. பாஸ்கர் அளந்தது நேர், நேர், சாய்வு, சாய்வு, நேர், சாய்வு, சாய்வு, சாய்வு. எல்லாம் முடிந்தபிறகு இருவரும் சாதாரண போனில் பேசிக்கொள்கிறார்கள், ஊரே கேட்டாலும் பரவாயில்லை. பிட்டைச் சொல்வதில்லை, முறையை மட்டும் சொல்கிறார்கள். 1, 3, 5, 6, 8 ஆகிய ஐந்து இடத்தில் முறை ஒத்துப்போகிறது. அந்த இடங்களில் பாஸ்கர் அளந்ததும் அலமேலு அனுப்பியதும் ஒன்றாகவே இருக்கும்: 1, 1, 0, 0, 0. மற்ற மூன்றில் பாஸ்கருக்குக் கிடைத்தது வெறும் குருட்டு எண். அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மிஞ்சியதுதான் சாவிக்கு மூலப்பொருள்.

நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்கிறான் என்று வையுங்கள். அவனுக்கும் முறை தெரியாது. பாதித் தடவை தவறான முறையில் அளப்பான். அப்படி அளந்த துகள் அவன் சாய்வுக்குத் திரும்பிவிடும், அந்த நடுக்கண்ணாடி மாதிரி. பாஸ்கர் சரியான முறையில் அளந்தாலும் அதில் பாதி தவறாக வரும். ஆக நான்கில் ஒரு பிட் பிசகும். அலமேலுவும் பாஸ்கரும் கிடைத்ததில் 50 பிட்டை எடுத்துப் போனில் வெளிப்படையாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கழித்துவிட்டால் போதும். எல்லாத் துகளையும் பிடித்துப் பார்த்த திருடன் அந்தச் சோதனையில் அகப்படாமல் தப்ப ஏறக்குறைய 18 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்.

அந்த விற்பனையாளர் இந்த இடத்தைத்தான் விழுங்கிவிட்டார், அக்கா. இந்த முறை திருடனைத் தடுக்காது. அவன் தொட்டதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். காட்டிக்கொடுத்தால் அந்தச் சாவியை வீசிவிட்டு வேறு எடுக்கிறோம். ரகசியச் செய்தி இன்னும் கிளம்பவே இல்லை என்பதால் நஷ்டம் இல்லை. ஆனால் எவனாவது கத்திரியை எடுத்து இழையை வெட்டிவிட்டால்? அல்லது விடாமல் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருந்தால்? சாவி கிடைக்கவே கிடைக்காது. செம்பு என்று நினைத்து ஃபைபரை வெட்டிப் போகிற ஊரில் இருக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கேபிளோடு சாலையே போனதை நீங்களும் பார்த்தீர்கள். இது சின்னக் குறை இல்லை.

நிஜ இழையில் திருடன் இல்லாமலே சில பிட் பிசகும். கம்பத்தில் தொங்குகிற கேபிள் வெயிலில் நீளும், காற்றில் ஆடும், உள்ளே ஒளியின் சாய்வு மாறும். அதனால் பிசகு பூஜ்யமாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பிபி84-ல் சுமார் 11 சதவீதம் வரைக்கும் பாதுகாப்பான சாவி எடுக்கலாம் என்று 2000-ல் நிறுவியிருக்கிறார்கள். இயற்கையின் பிசகையும் திருடன் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்கள். பிறகு பிழை திருத்தி, கடைசியாகச் சாவியைச் சுருக்குவார்கள். இந்தச் சுருக்கல் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு பிட்டை எடுத்து, ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று ஒரே பிட்டாக்குங்கள். திருடனுக்கு அதில் ஒன்று தெரிந்திருந்தாலும் மற்றது தெரியாவிட்டால், விடை 0-வா 1-ஆ என்று அவனால் சொல்லவே முடியாது. பாதி தெரிந்தவனை ஒன்றும் தெரியாதவனாக்கிவிடலாம்.

பென்னட்டும் பிராஸார்டும் 1989-ல் முதன்முதலாகச் செய்து காட்டியபோது ஒளி போன தூரம் சுமார் 32 செ.மீ., ஒரு மேசைக்குள். 1990-களின் நடுவில் ஜெனீவாவில் ஒரு குழு ஏரிக்கு அடியில் கிடந்த நிஜத் தொலைபேசி ஃபைபரில் 23 கி.மீ. கடந்தது. அந்த ஊரிலிருந்து வந்த ஐடி குவாண்டிக் என்ற நிறுவனத்தின் கருவிகள்தான் பிறகு நம் ஊருக்கு வந்தன.

டர்பன் கதை நிஜம்தான். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிரான்செஸ்கோ பெட்ருச்சியோனே தலைமையில் இருந்த குவாண்டம் ஆய்வுக் குழு, டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியோடு சேர்ந்து 2008-ல் 'குவாண்டம் சிட்டி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்துக்குள் சுருட்டி வைத்த ஃபைபரில் இல்லை; மாநகராட்சி அலுவலகங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நகர ஃபைபரில். 2010 உலகக் கோப்பையில் மோசஸ் மபீதா ஸ்டேடியத்துக்கும், காவல்துறை முதலானோர் கூடியிருந்த கூட்டுக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் நடுவே போன இணைப்புக்கு இந்த முறையில் சாவி கொடுத்தார்கள். உலகம் முழுவதும் பார்க்கும் ஒரு விழாவில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. ஜூன் 16, இளைஞர் தினம். அந்த மைதானத்தில் சுவிட்சர்லாந்து ஸ்பெயினை 1-0 என்று வென்ற ஆட்டத்தை நம் ஆட்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்தோம். காலடியில் சுவிஸ் கருவி ஒற்றை ஒற்றையாகத் துகள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இந்த ஊரில் நடந்ததை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் அந்த இணைப்பு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஸ்டேடியத்திலிருந்து நகருக்குள். தூரம்தான் இந்த முறையின் பெரிய எதிரி. நல்ல ஃபைபரிலும் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் ஒளி கரையும். 50 கி.மீ.-ல் பத்தில் ஒன்று மிஞ்சும், 100 கி.மீ.-ல் நூறில் ஒன்று. இங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் சுமார் 570 கி.மீ. நொடிக்கு 100 கோடி துகள் அனுப்பினாலும் அந்தப் பக்கம் நாலு நிமிடத்துக்கு ஒன்றுதான் போய்ச் சேரும். அதை எண்ணும் டிடெக்டரோ ஒளியே இல்லாமலும் அவ்வப்போது சும்மா துடிக்கும். எது துகள், எது சும்மாத் துடிப்பு என்று பிரிக்க வழியில்லை. சாதாரண ஃபைபரில் 80, 100 கி.மீ.-க்கு ஒரு பெருக்கி வைத்து ஒளியை ஏற்றிக்கொள்கிறோம். இங்கே அது ஆகாது. பெருக்குவது என்றால் நகல் எடுப்பது. நகல் எடுத்தால் துகள் கெட்டுவிடும்.

இதற்கு மூன்று வழி வந்திருக்கிறது. ஒன்று, 2018-ல் கேம்பிரிட்ஜில் தோஷிபா ஆய்வுக்கூடத்தினர் சொன்ன 'இரட்டைப் புலம்' முறை. இரண்டு முனையும் நடுவை நோக்கி அனுப்பும். 2023-ல் சீனர்கள் அதில் 1002 கி.மீ. தொட்டார்கள். ஆனால் அந்தத் தூரத்தில் கிடைத்த சாவி சொட்டுச் சொட்டுத்தான். இரண்டாவது, வழியில் காவல் நிலையம் மாதிரி இடங்கள் வைத்து ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சாவி எடுத்துக் கைமாற்றுவது. 2017-ல் பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் நடுவே சுமார் 2000 கி.மீ.-க்கு 32 நிலையம் வைத்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சாவி திறந்துதான் இருக்கும். 32 வீட்டையும் நம்பவேண்டும்.

மூன்றாவது வானம். மேலே காற்றே இல்லாத இடத்தில் ஒளி கரைவதில்லை. சீனா 2016-ல் மீசியஸ் என்ற செயற்கைக்கோளை ஏவி, 2017-ல் பெய்ஜிங்கிலிருந்து வியன்னாவுக்கு அதன் சாவியை வைத்து வீடியோ அழைப்பே நடத்தியது. பிறகு சாவி அனுப்பும் கருவியின் எடை சுமார் 23 கிலோ மட்டுமே உள்ள ஜினான்-1 என்ற சின்னச் செயற்கைக்கோள் வந்தது. 2024 அக்டோபரில் அது பெய்ஜிங்கையும் நம் நாட்டு ஸ்டெல்லன்பாஷையும் இணைத்தது, 12,900 கி.மீ.! முடிவு 2025 மார்ச்சில் வெளியானது. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகப் பக்கம் நின்று செய்தவர்கள் யாசீரா இஸ்மாயிலும் அதே பெட்ருச்சியோனேயும். இருவரும் முன்பு நம் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள்தாம். கேப் பக்கத்துத் தெளிந்த வானமும் வறண்ட காற்றும் கைகொடுக்க, செயற்கைக்கோள் ஒரே தடவை தலைக்கு மேல் கடந்தபோது 10.7 லட்சம் பிட் பாதுகாப்பான சாவி கிடைத்தது. அதை வைத்துச் சீனப் பெருஞ்சுவர் படம் ஒன்றும் ஸ்டெல்லன்பாஷ் வளாகத்தின் படம் ஒன்றும் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு பிட் செய்திக்கு ஒரு பிட் சாவி, ஒருமுறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை என்ற முறையில். அது எக்காலத்திலும் உடையாது என்று ஷானன் 1949-லேயே கணக்காய் எழுதி வைத்துவிட்டார்.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 10.7 லட்சம் பிட் என்றால் எவ்வளவு? 134 கிலோபைட். நீங்கள் பேரன் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவுக்குப் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். பெய்ஜிங்கோடு ஒரு சாவி, ஸ்டெல்லன்பாஷோடு ஒரு சாவி எடுத்து, சாவியைச் சுருக்கும்போது சொன்னேனே, ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று, அதே கணக்கைப் போட்டு விடையை ஊரறியச் சொல்லி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே சாவி ஆக்குகிறது செயற்கைக்கோள். ஆக இரண்டு சாவியும் அதற்குத் தெரியும். அதை இயக்குபவரை நம்பித்தான் ஆகவேண்டும். ஒரு நாடு தன் ரகசியத்தை இன்னொரு நாட்டின் செயற்கைக்கோளிடம் கொடுக்குமா என்பதை இயற்பியல் தீர்த்துவைக்காது.

கருவியிலும் ஓட்டை உண்டு. நிஜ லேசர் சரியாக ஒவ்வொரு துகளாகத் துப்பாது. துடிப்புக்குச் சராசரி 0.1 துகள் என்று மங்க வைத்தாலும், பத்தில் ஒன்பது காலி, சுமார் 9 சதவீதம் ஒற்றை, அரை சதவீதம் இரட்டை அல்லது அதற்கு மேல். அந்த இரட்டையில் ஒன்றைத் திருடன் வைத்துக்கொண்டு மற்றதைப் போகவிட்டால் பிசகே வராது. 2003-லிருந்து 2005-க்குள் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள்: நடுநடுவே வேறு வேறு பிரகாசத்தில் ஏமாற்றுத் துடிப்பு கலந்து அனுப்பி, எது எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்த்தால் திருடன் கை தெரிந்துவிடும். 2010-ல் நார்வேயில் வாடிம் மக்கரோவ் குழு இன்னொன்று காட்டியது. டிடெக்டர் கண்ணில் பிரகாசமான ஒளியை அடித்து அதைக் குருடாக்கி, தாங்கள் நினைத்த பதிலையே சொல்லவைத்தார்கள். அதுவும் கடையில் விற்ற கருவியில். கணக்கில் ஓட்டை இல்லை, பெட்டியில் ஓட்டை. 2012-ல் டிடெக்டரையே நம்பவேண்டாத முறை ஒன்று அதற்குப் பதிலாக வந்தது.

எல்லாவற்றையும்விட அடிப்படை ஒன்று உண்டு. போனில் முறையைச் சொல்கிறார்களே, அந்தக் குரல் பாஸ்கர் குரல்தான் என்று அலமேலுவுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒருவன் அலமேலுவிடம் பாஸ்கராகவும் பாஸ்கரிடம் அலமேலுவாகவும் நடித்தால், இருவரோடும் தனித்தனியே ஒழுங்காகச் சாவி எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு பிட்கூடப் பிசகாது. இதைத் தடுக்க, தொடங்கும் முன்பே இருவரிடமும் ஒரு சின்ன ரகசியம் பொதுவாக இருக்கவேண்டும், அல்லது வேறு வழியில் ஆளை அடையாளம் காணவேண்டும். ஆரம்ப அறிமுகத்தைக் குவாண்டம் செய்துதராது. இருக்கிற சின்ன ரகசியத்தைப் பெரிதாக வளர்த்துத் தரும், அவ்வளவே. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் இதைத் தங்கள் அரசுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தனி ஃபைபர், தனிக் கருவி என்ற செலவு இன்னொரு காரணம்.

அப்படியானால் நாளைக்கு வரும் குவாண்டம் கம்ப்யூட்டருக்கு என்ன பதில்? குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் கடினமான வேறு வகைக் கணக்குகள். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் அப்படி மூன்று முறைகளைத் தரமாக அறிவித்தது. அவை வெறும் மென்பொருள். ஃபைபர் மாற்றவேண்டாம், பெட்டி வேண்டாம், தூரமும் பொருட்டில்லை. சிக்னல் செயலி 2023-லிருந்தே அந்த வகையைச் சேர்த்துவிட்டது. ஆப்பிள் தன் ஐமெசேஜில் 2024-ல் சேர்த்தது. அப்டேட் போடுகிற போனுக்கு அது காசில்லாமல் வந்துசேரும். கணக்கு என்பதால் நாளைக்கு எவனாவது குறுக்குவழி கண்டுபிடிக்கலாம் என்ற பயம் இதில் உண்டு. ஒளித்துகள் முறையில் அந்தப் பயம் இல்லை. ஆகவே நகருக்குள்ளே மாநகராட்சி, வங்கி, ராணுவம் போன்றவர்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு என்பது என் எண்ணம். மரண சகாய சங்கத்துக்கு இல்லை.

அந்த விற்பனையாளர் மறுபடி வந்தால் இப்படிக் கேளுங்கள். "இந்தப் பெட்டியின் இன்னொரு முனை எங்கே இருக்கிறது? அங்கிருந்து எங்கள் ஆபீஸ் வரை வேறு ஒளி ஓடாத இழையை யார் தருகிறார்? எத்தனை கிலோமீட்டர்? நடுவில் எத்தனை இடத்தில் சாவி திறந்து கிடக்கும்?" இழையே இல்லாமல் வைஃபையில் ஓடும் பெட்டி என்றால், அதில் நான் மேலே சொன்ன எதுவும் இல்லை. சில பெட்டிகளில் குருட்டு எண் எடுக்க மட்டும் ஒரு குவாண்டம் சிப் இருக்கும். நல்ல சிப்தான். அதை வைத்துக்கொண்டு "யாராலும் உடைக்க முடியாது" என்று சொல்வது பொய்.

உங்கள் சங்கப் பணத்துக்கு ஆபத்து வருகிற வாசல் வேறு, அக்கா. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணில் போடுங்கள்" என்று ஈமச்சடங்கு நடத்துபவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும். நான் உறுப்பினராக இருக்கும் இன்னொரு சங்கத்தில் அப்படி ஒரு குடும்பத்துக்குச் சேரவேண்டிய தொகை முழுவதும் போய்விட்டது. துக்க வீட்டுக்கு நடுவில் அதைப் போய்ச் சொல்லவேண்டி வந்த பெரியவர் முகம் எனக்கு மறக்காது. கணக்கு எண் மாற்றம் எதுவாக இருந்தாலும், முன்பே நோட்டில் எழுதி வைத்த நம்பருக்கு நீங்களே போன் போட்டுக் குரல் கேட்டு உறுதிசெய்யுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டு அடுக்குப் பூட்டு போடுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். உறுப்பினர் பட்டியலைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். மாத வாடகை மிச்சம்.

அடுத்த கமிட்டிக் கூட்டம் சனிக்கிழமை என்றீர்கள். வேலை முடிந்து நேராக வந்துவிடுகிறேன். ஒட்டி முடித்தபிறகு மிஞ்சிய ஃபைபர் ஒரு சுருளும் அந்தக் கிளிப்பும் கொண்டுவருகிறேன். இழையை வளைத்தால் ஒளி கசிவதை எல்லாரும் தங்கள் கையாலேயே பார்க்கட்டும். போலராய்டு கண்ணாடி இரண்டு நீங்கள் தேடி வையுங்கள், மூன்றாவது என்னிடம் இருக்கிறது.